முட்டை சிக்கிக்கொண்ட கோழி

மாணவர்களே, 2022ஆம் ஆண்டின் கடைசியில் நம் நாட்டில் முட்டைத் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். தமிழ்நாட்டின் நாமக்கல்லில் இருந்துகூட அப்போது முட்டை வரவழைக்கப்பட்டது. அதன் பிறகு பாலிக் புலாவில் மட்டுமல்லாமல், ஜார்ஜ்டவுன் ஓரத்துத் தரை வீடுகளிலும் நாலைந்து கம்பத்துக் கோழிகளைப் பார்க்க முடிகிறது. "டீச்சர், கோழி முட்டையிடவில்லை, என்ன செய்வது?" என்ற கேள்வியும் வகுப்பில் அடிக்கடி வருகிறது.

இதில் இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கோழி முட்டையிடுவதை நிறுத்தியிருக்கலாம். அல்லது உருவான முட்டை வெளியே வர முடியாமல் சிக்கியிருக்கலாம். முதலாவதற்குப் பெரும்பாலும் பொறுமை போதும். இரண்டாவதில் ஓரிரு நாளில் கோழி இறந்துபோகலாம்.

குளிர்காலத்தில் பகல் குறைவதால் முட்டை நிற்கும், விளக்குப் போடுங்கள் என்று வெளிநாட்டுக் காணொளிகள் சொல்லும். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகையில்தான் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே வித்தியாசம் சுமார் 40 நிமிடமே. ஆகவே விளக்குக்குச் செலவு செய்ய வேண்டாம். இங்கே முட்டை நிற்பதற்கு வழக்கமான காரணங்கள் அடைகாத்தல், இறகு உதிர்தல், வெயில், வயது. அடைக்கு உட்கார்ந்த கோழி நாள் முழுக்கக் கூட்டிலேயே இருக்கும்; கை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். ஆனால் முக்காது. இதை நினைவில் வையுங்கள்.

இப்போது உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். கோழிக்கு இடப்பக்கச் சூலகம் மட்டுமே வேலை செய்கிறது. அங்கிருந்து விடுபடும் மஞ்சள் கரு முட்டைக் குழாயில் இறங்குகிறது. வெள்ளைக் கரு சேர ஏறக்குறைய 3 மணி நேரம், மெல்லிய சவ்வு சேர ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். அதன்பின் ஓடு உருவாக மட்டும் சுமார் 20 மணி நேரம். மொத்தம் ஒரு நாளைவிடக் கொஞ்சம் கூடுதல். அதனால்தான் கோழி நாளுக்கு நாள் சற்றுத் தாமதமாக முட்டையிட்டு, பிறகு ஒரு நாள் விட்டுவிடுகிறது.

ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. ஓர் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் உண்டு. 20 மணி நேரத்தில் 2 கிராம் என்றால் மணிக்கு 100 மில்லிகிராம்! ஓட்டின் பெரும்பகுதி உருவாவது இரவில், கோழி இரை எடுக்காத வேளையில். குடலில் மிச்சமிருக்கும் கால்சியம் போதாவிட்டால் தன் எலும்பிலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது. முட்டைக்கோழித் தீவனத்தில் 100 கிராமுக்கு 3.5 முதல் 4 கிராம் கால்சியம் இருக்கும். அதில் பாதியளவுதான் உடலில் சேரும். வெள்ளைச் சோற்றிலோ 100 கிராமுக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம்தான். மிச்சச் சோற்றையும் ரொட்டியையும் மட்டுமே போட்டு வளர்க்கும் வீடுகளில் தோல்முட்டை வருவது ஏன் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

கால்சியம் ஓட்டுக்கு மட்டும் தேவையில்லை. தசை சுருங்கவும் கால்சியம் அயனி வேண்டும். இரத்தத்தில் அது குறைந்தால், முட்டையைத் தள்ளும் குழாய்த் தசை வலுவிழக்கிறது. ஓடும் மென்மை, தள்ளும் தசையும் தளர்ச்சி என்றால் முட்டை சிக்கத்தானே செய்யும்? முதன்முதலாக முட்டையிடும் விடலைக் கோழிக்கும், அதிகக் கொழுப்பேறிய கோழிக்கும், இரட்டைக் கரு போன்ற பெரிய முட்டைக்கும் இதே தொல்லை வரலாம். வெயிலும் தன் பங்குக்குக் கெடுக்கிறது. மூச்சு வாங்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறுவதால், ஓட்டுக்குத் தேவையான கார்பனேட்டு குறைந்து ஓடு மெலிகிறது.

முட்டை சிக்கிய கோழி பென்குவின்போல நிமிர்ந்து நிற்கும். வாலைத் தாழ்த்தி மேலும் கீழும் அசைக்கும். கூட்டுக்குள் போகும், வரும், முக்கும், முட்டை இராது. இரை எடுக்காது, எச்சமும் குறையும்.

அதை மற்ற கோழிகளிடமிருந்து பிரித்து, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். குடிக்கத் தண்ணீர் வையுங்கள். மணிக்கட்டில் ஊற்றினால் இதமாக இருக்கும் வெந்நீரில் வயிறு நனைய 15, 20 நிமிடம் நிற்க வைக்கலாம். பிறகு நன்றாகத் துவட்டி, ஆசனவாயின் ஓரத்தில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வயிற்றை அமுக்கி வெளியே எடுக்கப் பார்க்காதீர்கள். உள்ளே முட்டை உடைந்தால் ஓட்டுத்துண்டு குழாயைக் கிழித்துவிடும், கிருமித் தொற்றும் உண்டாகும். சில மணி நேரத்தில் முட்டை வராவிட்டாலோ, சிவந்த தசை வெளியே பிதுங்கினாலோ, கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஒரே நேரத்தில் பல கோழிகள் சோர்ந்தாலோ இறந்தாலோ அது வேறு நோய். தொடாமல் கால்நடைச் சேவைத் துறைக்குத் தெரிவியுங்கள்.

வராமல் தடுக்க, நம் ஊரில் இலவசமாகவே கால்சியம் கிடைக்கிறது. சார் குவே தியாவ் கடைகளில் கெராங் சிப்பி ஓடு கிடைத்தால் கேட்டு வாங்கி, கழுவி, கொதிக்க வைத்து, காயவைத்து, சிறு சிறு துண்டுகளாக இடியுங்கள். மாவாக்க வேண்டாம், துண்டுகள் மெதுவாகக் கரைவதால் இரவு முழுவதும் உதவும். தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவைப்படும் கோழி தானே கொத்திக்கொள்ளும். குஞ்சுகளுக்கு வேண்டாம், மிகுதியான கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டுக் கோழி முட்டை ஒன்று, கடை முட்டை ஒன்று. இரண்டையும் தனித்தனிக் குவளையில் ஒரே அளவு வினிகரில் போடுங்கள். குமிழ்கள் கரியமில வாயு. எந்த ஓடு முதலில் முழுதாகக் கரைகிறது என்று மணி நேரத்தைக் குறியுங்கள். முட்டையைத் தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.