டிக்‌ஷனரிக்குள் லிஸ்ட்: சில தவறான நம்பிக்கைகள்

மதிப்பெண் = {"கயல்": [72, 85, 91], "மாறன்": [64, 58, 77]}

பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால், இந்த வரி அப்படியே ஓடும்.

நம்பிக்கை: கயலின் இரண்டாவது மதிப்பெண்ணை எடுக்க லூப் எழுத வேண்டும்.

வேண்டியதில்லை. மதிப்பெண்["கயல்"][1] என்றால் 85 வந்துவிடும். முதல் அடைப்புக்குறி மூடியதுமே டிக்‌ஷனரியின் வேலை முடிந்தது. கிடைத்திருப்பது சாதாரண லிஸ்ட். அடுத்த அடைப்புக்குறி அந்த லிஸ்டுக்கு உரியது. அதில் இடங்கள் 0-இலிருந்து தொடங்கும்; கடைசி எண் வேண்டுமானால் [-1]. கீயையும் இடத்தையும் காற்புள்ளி போட்டு ஒரே அடைப்புக்குள் எழுதினால், பைத்தான் அந்த இரண்டையும் சேர்த்து ஒரே கீயாகத் தேடி, கீ எரர் காட்டும்.

நம்பிக்கை: பைத்தான் 3.7 முதல் டிக்‌ஷனரி வரிசையைக் காப்பதால், மதிப்பெண்[0] என்றால் கயலின் லிஸ்ட் வரும்.

சேர்த்த வரிசை காக்கப்படுவது உண்மை. ஆனால் இடத்தைச் சொல்லி எடுக்க முடியாது. 0 என்ற பெயரில் ஒரு கீ இருக்கிறதா என்றுதான் தேடும்.

நம்பிக்கை: லிஸ்டை வேறு பெயரில் வாங்கிக்கொண்டால் நகல் கிடைக்கும்.

பலரின் நிரலைச் சத்தமில்லாமல் கெடுப்பது இதுதான். எண்கள் = மதிப்பெண்["கயல்"] என்று எழுதியபின் எண்கள்[0] = 100 என்றால், டிக்‌ஷனரிக்குள்ளும் 72 போய் 100 வந்துவிடும். லிஸ்ட் ஒன்றே, பெயர்தான் இரண்டு. நகல் வேண்டுமானால் மதிப்பெண்["கயல்"][:] என்று எழுத வேண்டும்.

இதே காரணத்தால் வரும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மாணவர் பெயர்களையும் ஒரு காலி லிஸ்டையும் ‘ஃப்ரம்கீஸ்’ செயல்கூறிடம் கொடுத்து டிக்‌ஷனரி அமைத்தால், ஆளுக்கொரு லிஸ்ட் உருவாகாது. எல்லாக் கீகளும் அந்த ஒரே லிஸ்டைத்தான் சுட்டும். கயலுக்கு ‘அப்பெண்ட்’ மூலம் சேர்த்த 72 மாறனிடமும் தெரியும். எரர் எதுவும் வராது, தவறான விடைதான் வரும். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் புதிய காலி லிஸ்டை உருவாக்கும்படி எழுதுங்கள். ‘டிஃபால்ட்டிக்ட்’ என்ற டிக்‌ஷனரி வகையும் இதற்கு உதவும்.

நம்பிக்கை: டிக்‌ஷனரியின் ‘கெட்’ செயல்கூறைப் பயன்படுத்தினால் எரரே வராது.

இல்லாத பெயரைக் கேட்டால் ‘கெட்’ தருவது ‘நன்’, அதாவது ‘ஒன்றுமில்லை’. அதன்மேல் [0] போட்டால் டைப் எரர். மாற்றாகக் காலி லிஸ்டைத் தரச் சொன்னால் இண்டெக்ஸ் எரர் வரும். முதலில் லிஸ்டை வாங்கி, காலியா என்று பார்த்துவிட்டு, பிறகு இடத்தைக் கேளுங்கள்.