இன்டீரியருக்குக் கடன் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



வேலை கிடைச்சு, பாளையங்கோட்டையிலோ பெருமாள்புரத்திலோ வாடகைக்கு ஒரு வீடு பிடிச்சாச்சு. இன்ஸ்டாகிராமைத் திறந்தா எல்லா ஹாலும் ஒரே மாதிரி: சாம்பல் நிற சோஃபா, ஃபால்ஸ் சீலிங், டிவிக்குப் பின்னாடி பேனல். அதே மாதிரி வேணும்னு கொட்டேஷன் கேட்டா மூணு லட்சம் வருதுன்னு வச்சுக்குவோம். கையில பணம் இல்ல, ஆனா பர்சனல் லோன் ரெடியா இருக்கு.

கொஞ்சம் பொறுங்க. முதல்ல கணக்கைப் பாத்துருவோம்.

கடனோட உண்மையான விலை

3 லட்சம், 14% வட்டி, 3 வருஷம். மாசத் தவணை சுமார் 10,250 ரூபாய். மொத்த வட்டி சுமார் 69,000. சம்பளம் 45,000 வாங்குறவருக்கு இது கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு. அதே 10,250-ஐ மாசாமாசம் ஆர்டி-யில போட்டா, 30 மாசத்துக்குள்ள 3 லட்சம் உங்க கையில இருக்கும்.

"வட்டிக்கு வரிச் சலுகை உண்டா சார்?" சோஃபா, கட்டில், டிவி வாங்கின கடனுக்குக் கிடையாது. பழைய வரி முறையில, நீங்க குடியிருக்கிற சொந்த வீட்டை வாங்கவோ கட்டவோ எடுத்த கடனுக்கு வருஷம் 2 லட்சம் வரை வட்டிக் கழிவு உண்டு. பழுதுபார்க்க, புதுப்பிக்க எடுத்த கடன்னா 30,000 வரைதான். புதிய முறையில, குடியிருக்கிற வீட்டுக்கு இந்த ரெண்டுமே இல்ல.

"நோ காஸ்ட் இஎம்ஐ"யும் முழுசா இலவசம் இல்ல. கிரெடிட் கார்டுல எடுத்தா, வட்டித் தொகையைக் கடைக்காரர் தள்ளுபடியா கொடுத்தாலும், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க தலையிலதான் விழும். பல கார்டுகள்ல பிராசஸிங் கட்டணமும் சேரும்.

உங்க ரசனை எது?

அடுத்தவங்க ரசனைக்கு நாம ஏன் வட்டி கட்டணும்? எதையும் வாங்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க.

1. நான் நிஜமா எப்படி வாழுறேன்? ஒரு மாசம் கட்டில், அடுப்பு, ஃபேனோட மட்டும் இருந்து பாருங்க. தரையில உட்கார்ந்து சாப்பிடுற ஆளுக்கு ஆறு பேர் டைனிங் டேபிள் எதுக்கு?

2. வீடு மாறினா கூட வருமா? வாடகை வீட்டுல ஃபால்ஸ் சீலிங்கும் வால்பேப்பரும் ஓனருக்கு நீங்க தர்ற அன்பளிப்பு. விளக்கு, திரைச்சீலை, புத்தக அலமாரி கூடவே வரும்.

3. நம்ம ஊருக்குத் தாங்குமா? 2023 டிசம்பர்ல தாமிரபரணி வெள்ளம் தெருவுக்குள்ள வந்ததை மறந்திருக்க மாட்டீங்க. மரத்தூளை அழுத்திச் செஞ்ச பலகை தண்ணியில ஊறினா உப்பிப் போயிடும். தரைத்தளத்துல இருக்கீங்கன்னா, இரும்புக் கால் வச்ச சாமான், மேல தூக்கி வைக்கிற மாதிரி சாமான் நல்லது.

ரசனைக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம்

சேரன்மகாதேவி பக்கம் பத்தமடை இருக்கு. ஆத்தங்கரைக் கோரையை மெல்லிசாக் கிழிச்சு, தண்ணியில ஊறவச்சு, பாவு நூல் கட்டி நெய்யுற பாய் அங்க கிடைக்கும். புவிசார் குறியீடு வாங்கின பொருள் அது. கல்யாணப் பாய்ல மணமக்கள் பேரையே நெய்து தருவாங்க. சுவர்ல மாட்டினா அதுவே உங்க பேனல். சாதாரண ரகத்துக்கும் பட்டு ரகத்துக்கும் விலை ரொம்ப வித்தியாசப்படும். அதனால எந்த ரகம்னு கேட்டு வாங்குங்க. பக்கத்துலயே காருகுறிச்சி, மண்பாண்டத்துக்குப் பேர் போன ஊர். பூச்சட்டி, பானை, விளக்கு எல்லாம் பாத்து எடுக்கலாம். அம்மா வீட்டுப் பரண்ல கிடக்கிற பித்தளைக் குத்துவிளக்கையும் விட்டுடாதீங்க. அதுக்குச் செலவு புளியும் துணியும்தான்.

எல்லாருக்கும் இதே பிடிக்கணும்னு இல்ல. உங்களுக்கு சாம்பல் நிற சோஃபாதான் பிடிக்கும்னா தாராளமா வாங்குங்க, ஆனா சேர்த்து வாங்குங்க.

பணத்தோட வரிசை

முதல்ல ஆறு மாசச் செலவுக்கு அவசர நிதி. அடுத்தது இன்ஷூரன்ஸ். "பாரத் கிருஹ ரக்ஷா" பாலிசியில வாடகைக்கு இருக்கிறவங்களும் வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் காப்பீடு எடுக்கலாம். வெள்ளச் சேதமும் அதுல அடங்கும். பில்லை எல்லாம் போட்டோ எடுத்து மெயில்ல வச்சுக்குங்க. இதுக்கு அப்புறம்தான் "வீட்டுக்கு"ன்னு தனி ஆர்டி. மாசம் 3,000 போட்டாலும் வருஷத்துக்கு 36,000. மூணு மாசத்துக்கு ஒரு பொருள்னு நிதானமா வாங்கலாம்.

விரலுக்குத் தகுந்த வீக்கம்னு நம்ம பெரியவங்க சொன்னது இதைத்தான்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. வாங்க நினைக்கிற பொருளை எல்லாம் எழுதி, ஒவ்வொண்ணுக்கும் நேரா மேல சொன்ன மூணு கேள்விக்கும் பதில் எழுதுங்க. மூணுலயும் தேறின பொருளுக்கு மட்டும் விலை விசாரிங்க. உங்க லிஸ்ட்ல எத்தனை மிஞ்சுச்சுன்னு கமென்ட்ல சொல்லுங்க!