ஜூரோங்கில் கட்டிய ஃபிரிகேட் யாருடையது?

கேள்வி: பிரெஞ்சுக்காரர்கள் வரைந்த போர்க்கப்பலை ஜூரோங்கில் கட்டிவிட்டு, நம்முடையது என்று சொல்லிக்கொள்வது சரியா?

பதில்: சரிதான். 2000இல் சிங்கப்பூருக்காக ஒப்பந்தமான ஆறு ஃபிரிகேட்டுகளில் முதலாவதான ஃபார்மிடபிள் மட்டுமே பிரான்சின் லோரியாங்கில் உருவானது. மற்ற ஐந்தும் ஜூரோங் பெனோய் சாலைக் கப்பல் பட்டறையில் எழுந்தவை. வடிவத்தின் வேர் பிரான்சின் லா ஃபாயெட் கப்பல்தான், மறுக்கவில்லை. ரேடார் அலை வந்த வழியே திரும்பாமல் சிதறட்டும் என்று பக்கங்களைச் சாய்த்துக் கட்டும் உத்தியும் அங்கிருந்து வந்ததே. ஆனால் லா ஃபாயெட்டுக்குச் சுமார் 140 பேர் வேண்டும். சுமார் 3,200 டன் எடையும் 114 மீட்டர் நீளமும் உள்ள ஃபார்மிடபிளுக்கோ, ஹெலிகாப்டர் குழுவைத் தவிர்த்தால், ஏறக்குறைய 70 பேர் போதும். ஆள் குறைந்த நாடு விதித்த நிபந்தனை அது. கப்பலின் உள்ளமைப்பையே மாற்றியது.

தீப்பிடித்தால் இத்தனை பேர் போதுமா என்று கேட்பீர்கள். நியாயமான பயம். தானியங்கிக் கருவி வால்வை மூடும், காயம்பட்டவரைத் தூக்காது. அந்த ஆபத்தைத் தெரிந்தே ஏற்றார்கள். இருமடங்கு மாலுமிகளுக்கு ஆள் எங்கே? கப்பல் கட்டுவதில் பழம் தின்று கொட்டை போட்ட ஜப்பானுக்கும் இதே கவலைதான். 2022இல் சேவையில் சேர்ந்த மோகாமி, 133 மீட்டர் நீளம் இருந்தும், சுமார் 90 பேரோடுதான் கடலுக்குப் போகிறது.