ரேடாருக்கு ஆணையிடும் அமைப்புக் கோப்பு

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே, மலைகள் சூழ்ந்த இடத்தில் காதங்கி என்னும் சிற்றூர் உள்ளது. வானை நோக்கி மின்காந்த அலைகளைச் செலுத்தி, மேலே வீசும் காற்றின் வேகத்தை அளக்கும் பெரிய ரேடார் ஒன்று 1990-களின் தொடக்கத்தில் அங்கே நிறுவப்பட்டது. அதனை நடத்திவந்த நிலையமே 2005-ல் தேசிய வாயுமண்டல ஆராய்ச்சிக்கூடமாக விரிவுபெற்றது.

இந்த ரேடார் 53 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இயங்குவது. 130 மீட்டர் பக்கமுள்ள சதுரமான திடலில் 1024 ஏரியல்கள் நிறுத்தப்பட்டுள்ளன. அவை சுழல்வதில்லை, அலைக்கற்றை மின்முறையிலேயே வேண்டிய திசைக்குச் சாய்க்கப்படுகிறது. ஆகவே, இதனை இயக்குபவர் திருகுகளைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பரிசோதனைக்கு வேண்டிய அளவுகளை ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால், கணிப்பொறி அதனைப் படித்து அவ்வண்ணமே ரேடாரை நடத்தும். இதனையே அமைப்புக் கோப்பு என்கிறோம்.

கோப்பில் அடங்குவன யாவை?

காற்றை அளப்பதற்கு வழக்கமாகக் கொள்ளப்பட்ட சில அளவுகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, துடிப்பின் அளவு. 16 மைக்ரோ விநாடி நீளமுள்ள துடிப்பு, 1 மைக்ரோ விநாடிக் கூறுகளாகக் குறியிடப்படும். இதனால் வாயுமண்டலத்தை 150 மீட்டர் தடிப்புள்ள அடுக்குகளாகப் பிரித்தறியலாம். இரண்டாவது, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளி. இது 1000 மைக்ரோ விநாடியாயின், 150 கிலோமீட்டர் தொலைவு வரையில் எதிரொலிகள் ஒன்றோடொன்று குழம்பா. மூன்றாவது, ஒன்றாகக் கூட்டப்படும் எதிரொலிகளின் எண்ணிக்கை, இது 64. நான்காவது, கற்றையின் திசை. செங்குத்தாகவும், நான்கு திசைகளிலும் 10 பாகை சாய்வாகவும் கற்றை அனுப்பப்படும்.

ஒரு எண் மாறினால்

மூன்றாவது அளவைச் சற்று ஆராய்வோம். வானிலிருந்து திரும்பும் எதிரொலி மிக மெலிந்தது. பலவற்றைக் கூட்டினால்தான் அது இரைச்சலுக்கு மேல் எழும். 64 எதிரொலிகளைக் கூட்டுவதற்கு 64 மில்லி விநாடி ஆகின்றது. இந்த இடைவெளியில் கிடைக்கும் அளவீடுகளைக் கொண்டு, கற்றையின் வழியே விநாடிக்கு சுமார் 22 மீட்டர் வேகம் வரையில் பிழையின்றிக் கணக்கிடலாம். கற்றை 10 பாகையே சாய்ந்திருப்பதால், கிடைத்தளக் காற்றின் வேகத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் அதன் வழியே தோன்றும். எனவே இந்த எல்லை தாராளமானது.

64 என்னும் இடத்தில் ஒருவர் 256 என்று எழுதிவிட்டதாகக் கொள்வோம். எல்லை நான்கில் ஒரு பங்காகச் சுருங்கி, 5.5 மீட்டருக்கு வந்துவிடும். தென்மேற்குப் பருவகாலத்தில் தென்னிந்தியாவின் மேலே, சுமார் 16 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று வீசுகின்றது. அதன் வேகம் விநாடிக்கு 40 மீட்டர் எனின், கிழக்கே சாய்ந்த கற்றையின் வழியே அது 6.9 மீட்டராகும். இது எல்லைக்கு வெளியே சென்றுவிட்டதால், கணக்கில் மறுபக்கமாக மடிந்து, எதிர்த்திசையில் 4.1 மீட்டர் என்று பதிவாகும். முடிவில் கீழைக்காற்று, விநாடிக்கு 24 மீட்டர் வேகமுள்ள மேலைக்காற்றாக வரைபடத்தில் காட்சியளிக்கும்! யந்திரத்தில் பழுதில்லை, கணக்கிலும் தவறில்லை. கொடுத்த எண்ணே காற்றைத் திருப்பிவிட்டது.

கோப்பு உடனிருப்பின், அறிந்தவர் ஒருவர் 11 மீட்டரைக் கூட்டி உண்மை வேகத்தை மீட்டுவிடலாம். கோப்பு தொலைந்துபோயின், எந்த எல்லையில் அளக்கப்பட்டது என்பதே தெரியாது. திருத்துவதற்கும் அடிப்படை இராது. அளவீடு பாதி, அது எவ்வாறு எடுக்கப்பட்டது என்னும் குறிப்பு மறுபாதி என்பது இதனால் விளங்கும்.

களப்பணியாளர் கடைப்பிடிக்க வேண்டியவை

பழைய கோப்பைத் திருத்தலாகாது. படியெடுத்து, தேதியுடன் புதிய பெயரிட்டு, அதிலேயே மாற்றம் செய்தல் வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் அருகே அதன் அலகைக் குறித்தல் வேண்டும். ஒரு தடவையில் ஒரே அளவை மாற்றி, சிறிது நேரம் இயக்கிப் பார்த்து, பலூன் மூலம் கிடைக்கும் காற்றளவோடு ஒப்பிடுவது நலம். பயன்படுத்திய கோப்பின் படியை அளவீடுகளுடன் சேர்த்தே வைத்தல் வேண்டும்.

இவ்விதிகள் ரேடாருக்கு மட்டும் உரியவை அல்ல. தானியங்கி மழைமானிக்கும் அமைப்புக் கோப்பு உண்டு. அலுவலகங்களில் பணிகளின் முன்னேற்றத்தைக் கணிப்பொறியில் பதிவதற்கும் அது உண்டு. ‘முடிந்த பணி’ என்பதற்கு அனுமதி பெற்ற பணி என்று ஒரு கோப்பிலும், கட்டி முடித்த பணி என்று மற்றொன்றிலும் பொருள் கொடுத்தால், இரு அறிக்கைகளையும் ஒப்பிடுவது வீண் வேலையே.

வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் மாணவர்களிடம் இக்கணக்கைக் கொடுக்கலாம்: கூட்டப்படும் எதிரொலிகள் 128 ஆயின், கற்றையின் வழியே எல்லை வேகம் எவ்வளவு? (விடை: சுமார் 11 மீட்டர்.) 40 மீட்டர் வேகக் காற்று அப்போது சரியாகப் பதிவாகுமா? ஆகும், 6.9 என்பது எல்லைக்குள் அடங்குமன்றோ!