லீற்றருக்கு 25 என்றார்கள், 14தான் ஓடுகிறது

கேள்வி: ஒருகொடவத்தையில் குடியிருக்கிறேன். வேலை வெள்ளவத்தையில். காலையில் மகளைக் கொட்டாஞ்சேனையில் பாடசாலையில் இறக்கிவிட்டு, புறக்கோட்டை, காலி வீதி வழியாகப் போவேன். மாலையில் கிருலப்பனை, பொரளை, தெமட்டகொடை என்று பேஸ்லைன் வீதியால் திரும்புவேன். பெற்றோல் செலவு குறையும் என்றுதான் பழைய காரை விற்றுவிட்டு, ஒரு கார் சேலில், ஏற்கெனவே பதிவான ஜப்பான் ஹைபிரிட் கார் ஒன்றை லீசிங்கில் எடுத்தேன். எந்தப் பாதையால் போய் வருகிறேன் என்று விற்பனையாளரிடம் விவரமாகச் சொன்னேன். "ட்ராபிக்கில்தான் ஹைபிரிட்டுக்கு லாபம், 25க்குக் குறையாது" என்றார். வாட்ஸ்அப்பிலும் "டவுனுக்குள் 25 கேரன்டி" என்று அனுப்பினார். வாங்கி இரண்டரை மாதம் ஆகிறது, 14ஐத் தாண்டவில்லை. கேட்டால், "நீங்கள் ஓட்டுற விதம் சரியில்லை" என்கிறார். காரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்க முடியுமா? மச்சான் லீசிங் தவணையை நிறுத்தச் சொல்கிறார். நிறுத்தலாமா?
– வாசகர், ஒருகொடவத்தை

பதில்: முதலில் திகதியைப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ் முறைப்பாடு செய்வதானால், பொருள் விற்கப்பட்ட நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் செய்ய வேண்டும். உங்களுக்கு இரண்டு வாரம் அளவில்தான் மிச்சம். இந்தப் பதிலின் மற்றப் பகுதியை நாளைக்கு வாசித்தாலும் பரவாயில்லை, முறைப்பாட்டுக் கடிதத்தை இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள். தமிழிலேயே எழுதலாம். என்ன வாங்கினீர்கள், யாரிடம், எப்போது, என்ன விலை, என்ன சொல்லி விற்றார்கள், இப்போது என்ன நடக்கிறது என்ற ஆறு விஷயமும் இருந்தால் போதும். வழிமுறை தெரியாவிட்டால் 1977 என்ற அதிகார சபையின் இலக்கத்துக்கு அழையுங்கள். ஆனால் அழைத்ததோடு முறைப்பாடு செய்தாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். சட்டம் கேட்பது எழுத்தை.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு கார் லீற்றருக்கு 14தான் ஓடுகிறது என்பது தன்னளவில் வழக்காகாது. குறைவாக ஓடும் காரை விற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்த 25 எங்கிருந்து வந்தது, யார் சொன்னது, எதைத் தெரிந்துகொண்டு சொன்னது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

எந்த மாதிரி கார் என்று நீங்கள் எழுதவில்லை. கொழும்பில் எங்கும் காணும் டொயோட்டா அக்குவாவை எடுத்துக்கொள்வோம். 2011 டிசம்பரில் ஜப்பானில் அது அறிமுகமானபோது, 10-15 என்ற பழைய பரிசோதனை முறையில் லீற்றருக்கு 40 கிலோமீற்றர் என்றும், ஜேசி08 என்ற புதிய முறையில் 35.4 என்றும் அறிவித்தார்கள். ஏறத்தாழ அதே கார் பிரியஸ் சி என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் அதற்கு இட்ட எண் கலனுக்கு 50 மைல், அதாவது லீற்றருக்கு ஏறத்தாழ 21 கிலோமீற்றர். ஒரே கார், மூன்று கணக்கு. காரணம் பரிசோதனை. ஜேசி08 என்பது உருளைகளின் மேல் காரை நிறுத்தி 20 நிமிடம் அளவில் ஓட்டிப் பார்க்கும் முறை. சராசரி வேகம் மணிக்கு 24.4 கிலோமீற்றர், ஏசி போடுவதில்லை. அமெரிக்கர்களோ 35 பாகை வெயிலில் ஏசி போட்டு ஓட்டும் ஒரு பரிசோதனையையும் கணக்கில் சேர்க்கிறார்கள். கொழும்புக்கு எது பொருந்தும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே, விற்பவர் ஜப்பான் கையேட்டில் உள்ள எண்ணைக் காட்டி "கம்பனி இப்படித்தான் போட்டிருக்கிறது" என்று மட்டும் சொல்லியிருந்தால் அது பொய்யல்ல. அதை வைத்து அவரைப் பிடிக்க முடியாது.

உங்கள் விற்பனையாளர் அதோடு நிற்கவில்லை. உங்கள் பாதையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பாதைக்கு 25 என்றார். இது வேறு. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தில் பொது விதி, வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்பதே. அதற்கு ஒரு விலக்கு உண்டு. அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரிடம், பொருள் எதற்குத் தேவை என்பதைச் சொல்லி, அவருடைய அறிவை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்குப் பொருள் நியாயமான அளவில் பொருந்தும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் தானாகவே சேர்ந்துவிடும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி என்ன சொல்வார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வணிகப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிய பொருளுக்கு இந்த நிபந்தனை கிடையாது என்று அதே சட்டம் சொல்கிறது. "எனக்கு இந்தக் காரைத்தான் தாருங்கள்" என்று பெயர் சொல்லிக் கேட்டீர்களா, "இந்த ஓட்டத்துக்கு எது நல்லது" என்று கேட்டு அவர் காட்டியதை எடுத்தீர்களா என்பது இங்கே முக்கியமாகிவிடும். நினைவு மங்குவதற்கு முன் அந்த உரையாடலை எழுதி வையுங்கள்.

அதிகார சபையின் முன் உங்கள் நிலை இதைவிடப் பலமானது. 13ஆம் பிரிவு, வியாபாரி வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளைப் பற்றி விசாரிக்க இடம் தருகிறது. அந்த வாட்ஸ்அப் வரியில் "கேரன்டி" என்று அவரே எழுதியிருக்கிறார். 30ஆம் பிரிவு நுகர்வோரைத் தவறான வழியில் இட்டுச்செல்லும் நடத்தையையும், 31ஆம் பிரிவு பொருளின் தரம், செயற்பாடு, முந்திய வரலாறு பற்றிய பொய்க் கூற்றுகளையும் தடுக்கின்றன. (தனி ஆள் ஒருவரிடம் வாங்கியவர்கள் இதைப் படித்து மகிழ வேண்டாம். இந்தச் சட்டம் வியாபாரிக்குத்தான் பொருந்தும்.)

ஆனால் ஒரு கேள்வி வரும், வந்தே தீரும்: குறை காரிலா, றோட்டிலா?

உங்கள் சந்தி எனக்குத் தெரியும். துறைமுகத்தில் இருந்து வரும் கொள்கலன் லொறிகள், வெல்லம்பிட்டிப் பக்கம் இருந்து அவிசாவளை வீதியால் வரும் பஸ்கள், 2021 நவம்பரில் திறந்த புதிய களனிப் பாலத்தால் வந்து இறங்கும் வாகனங்கள் எல்லாம் கூடும் இடம் அது. நகரத்தில் நின்று நின்று ஓடும்போது ஹைபிரிட்டுக்கு லாபம் என்பது உண்மைதான். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை அது பற்றரிக்கு எடுத்துக்கொள்கிறது. அமெரிக்கக் கணக்கிலும் பிரியஸ் சிக்கு நகர ஓட்டம் 53 மைல், நெடுஞ்சாலை 46தான். ஆனால் மெதுவாக ஓடுவது வேறு, ஓடாமலே நிற்பது வேறு. நிற்கும்போது பிரேக்கில் இருந்து எடுக்க ஒன்றும் இல்லை. ஏசி பற்றரியைக் குடித்துக்கொண்டிருக்கும். பற்றரி இறங்கியதும் அதை ஏற்றுவதற்கென்றே எஞ்சின் எழும்பும். பெற்றோல் எரியும், மீற்றர் அசையாது. போதாததற்குக் காலையில் கொட்டாஞ்சேனை வரைக்குமான குறுகிய ஓட்டம். குளிர்ந்த எஞ்சின் தன்னைச் சூடாக்கிக்கொள்ளவே முதல் சில கிலோமீற்றர்களில் கூடுதலாக எரிக்கும். சூடேறி வரும் நேரத்தில் நீங்கள் பாடசாலை வாசலில் நிற்பீர்கள். இதை எல்லாம் கூட்டினால், நல்ல காரும் 25ஐத் தொடாது. "ட்ராபிக்கில்தான் லாபம்" என்பது பாதி உண்மை. மற்றப் பாதியைச் சொல்லாமல் விட்டதுதான் உங்கள் விற்பனையாளர் மீது எனக்குள்ள கோபம்.

காரையும் றோட்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தாங்கியை நிரப்பி, நெருக்கடி இல்லாத நேரத்தில் நீர்கொழும்பு வரை போய்த் திரும்பி, அதே பெற்றோல் செட்டில், அதே பம்பில், தானாக நிற்கும் வரை மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை ஊற்றிய லீற்றரால் வகுங்கள். டாஷ்போர்டு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். அன்றைக்கு 22, 23 வந்தால் கார் நலமாக இருக்கிறது, தின்பது றோட்டு. அப்போது உங்கள் கையில் இருப்பது அந்த வாக்குறுதி ஒன்றுதான். அன்றைக்கும் 14, 15 என்றே நின்றால், மைலேஜ் பேச்சை விட்டுவிடுங்கள். உங்களுக்கு விற்கப்பட்டது பழுதுள்ள கார். அது இன்னும் நல்ல வழக்கு.

பழுது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஹைபிரிட் பற்றரியை. விற்றவருக்குத் தொடர்பில்லாத ஒரு கராஜில் ஸ்கேன் செய்து, பற்றரியின் ஒவ்வொரு தொகுதியின் நிலையையும் காட்டும் அறிக்கையைக் கையொப்பத்துடன் வாங்குங்கள். பற்றரியைக் குளிர்விக்கும் காற்றாடியில் தூசு அடைத்திருக்கிறதா, பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா, டயர் காற்றுச் சரியா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மீற்றர் குறைக்கப்பட்டதா என்பதற்கு, ஜப்பானில் ஏலத்தில் விற்றபோது எழுதிய ஏலத் தாளும் ஏற்றுமதிக்கு முன் கொடுத்த பரிசோதனைச் சான்றிதழும் உதவும். அவற்றை விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பையும் முறைப்பாட்டில் சேர்க்கலாம். இன்னொன்று வெள்ளம். களனி கங்கைக் கரையில் இருக்கும் உங்களுக்கு அது புதிதல்ல. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வாகனங்கள் எப்படிக் கிடந்தன என்பதைப் பார்த்திருப்பீர்கள். அக்குவா போன்ற காரில் பற்றரி பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. வெள்ளத்தில் நின்ற காரை மறைத்து விற்றிருந்தால், அது பொருளின் வரலாறு பற்றிய பொய். அறிக்கை கைக்கு வரும் வரை எதையும் திருத்தவோ மாற்றவோ வேண்டாம். கழற்றி எறிந்த பற்றரியைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

வெளிநாட்டில் இப்படி வழக்குப் போட்டவர்கள் உண்டு. 2006ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் ஹைபிரிட் வைத்திருந்த ஒரு கலிபோர்னியாப் பெண்மணி, விளம்பரத்தில் சொன்ன 50 மைல் கிடைக்கவில்லை என்று சிறு கோரிக்கை நீதிமன்றம் போய், 2012 பெப்ரவரியில் 9,867 டொலர் வென்றார். அதே ஆண்டு மே மாதம் மேல் விசாரணையில் அது கவிழ்ந்தது. "50 மைல் வரை" என்பது போன்ற பொது விளம்பர வாசகம் குறிப்பான வாக்குறுதி ஆகாது என்றார் நீதிபதி. மறுபக்கம், கேரளத்தின் திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2022இல் ஒரு ஃபோர்ட் கிளாசிக் டீசல் கார் உரிமையாளருக்கு 3,10,000 இந்திய ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. சொன்னது லீற்றருக்கு 32 கிலோமீற்றர். ஆணையம் அனுப்பிய நிபுணர் ஓட்டிப் பார்த்தபோது கிடைத்தது 19.6. இரண்டும் எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் முதலாமவரிடம் இல்லாத குறிப்பான வாக்குறுதி உங்களிடம் இருக்கிறது. இரண்டாமவரிடம் இருந்த நடுநிலையான அளவீடு உங்களிடம் இன்னும் இல்லை.

வாங்கும்போது ஏதாவது கையெழுத்து வைத்தீர்களா? பெரும்பாலான கார் சேல்களில் "ஓட்டிப் பார்த்துத் திருப்தியுடன் உள்ளபடியே பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு தாள் நீட்டுவார்கள். அதைக் கண்டு சோர வேண்டாம். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டத்தின்படி, தரம், பொருத்தம் பற்றி விற்பனைச் சட்டம் சேர்க்கும் நிபந்தனைகளை நுகர்வோருக்கு எதிராக ஒரு தாளைக் காட்டித் தள்ளிவிட முடியாது. ஓட்டிப் பார்த்தபோது தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு மட்டும் நீங்கள் பொறுப்பு. பற்றரிக்குள் இருக்கும் பழுது கால் மணி நேர ஓட்டத்தில் தெரியாது.

வாட்ஸ்அப் செய்தி சாட்சியமாகுமா என்று பலரும் கேட்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் கீழ் ஆகும். படம் பிடித்து வைத்தால் மட்டும் போதாது, செய்தி வந்த கைபேசியையே பாதுகாத்து வையுங்கள். புதுக் கைபேசி வாங்கும் ஆசையைத் தள்ளிப் போடுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்குவது கடினம். இரண்டரை மாதம் ஓட்டியபின் பொருளை ஏற்றுக்கொண்டதாகவே விற்பனைச் சட்டம் கருதும். அதன்பின் பொதுவாக நட்டஈடுதான். ஏமாற்றியதை நிரூபித்தால் கதை மாறும். நட்டம் எவ்வளவு என்றும் நேர்மையாகக் கணக்குப் போடுவோம். மாதம் 600 கிலோமீற்றர் ஓடினால், 25இல் 24 லீற்றர் போதும், 14இல் 43 லீற்றர் வேண்டும். வித்தியாசம் மாதத்துக்கு 19 லீற்றர் அளவு. இதற்காகப் புதுக்கடைக்கு வந்து மாவட்ட நீதிமன்றத்தில் வருடக் கணக்கில் தவணைக்கு மேல் தவணை நிற்பது, உங்களைவிட என் போன்ற சட்டத்தரணிகளுக்கே லாபம். சிறிய தொகை என்றால் முதலில் மத்தியஸ்த சபைக்கும் போக வேண்டி வரும். அதிகார சபையோ, விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ பொருளை மாற்றிக் கொடுக்கவோ பணத்தைத் திருப்பவோ உத்தரவிடலாம். கீழ்ப்படியாவிட்டால் நீதவான் நீதிமன்றம் ஊடாக அறவிடலாம். பற்றரிதான் பழுது என்று அறிக்கை சொன்னால், பற்றரி மாற்றும் செலவைக் கேளுங்கள். பெற்றோல் வித்தியாசத்தைவிட அதுதான் கையில் நிற்கும் தொகை, விற்றவர் சமரசத்துக்கு வருவதும் அங்கேதான்.

மச்சானின் யோசனை ஆபத்தானது. பதிவுப் புத்தகத்தில் முற்றுரிமையாளர் என்று இருப்பது லீசிங் கம்பனியின் பெயர். அவர்களுக்கும் விற்றவருக்கும் இடையில் உங்கள் 25க்கு இடமில்லை. தவணை நின்றால் காரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். காரோடு சேர்ந்து உங்கள் சாட்சியமும் போய்விடும். தவணையைக் கட்டிக்கொண்டே இருங்கள். குறையை லீசிங் கம்பனிக்கும் பதிவுத் தபாலில் எழுதி, முறைப்பாட்டின் பிரதி ஒன்றை அதோடு இணையுங்கள். வாகனத்தில் பெரிய வேலை ஏதும் செய்வதானால் அவர்களுடைய எழுத்து மூலச் சம்மதம் தேவையா என்று லீசிங் உடன்படிக்கையில் பாருங்கள்.