வீட்டில் ஒருவருக்குக் கொரோனா: மற்றவர்களுக்குத் தொற்றாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

2020 ஏப்ரலில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பக்கெட் சோப்புத் தண்ணீர் இருந்தது. பால் பாக்கெட், தக்காளி, பிஸ்கட் பொட்டலம் எல்லாம் அதில் முங்கி எழுந்துதான் உள்ளே வரும். செய்தித்தாளுக்கு இஸ்திரிப் பெட்டி. பொதுமுடக்கம் தளர்ந்ததும் சித்தப்பா பார்க்க வந்தார். “வெயிலில் அலைந்து வந்திருக்கிறார்” என்று அவரை ஏசி அறையில் உட்கார வைத்து, கதவையும் ஜன்னலையும் சாத்தி, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அன்று யாருக்கும் தொற்றவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம், சாமர்த்தியம் இல்லை.

கொரோனா பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியாகவே பரவுகிறது. நாங்களோ பால் பாக்கெட்டைக் காவல் காத்துக்கொண்டிருந்தோம். 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. முடிந்தது அவசரநிலைதான், வைரஸ் இன்னும் வந்து போய்க்கொண்டிருக்கிறது. இளைஞருக்கு நாலு நாள் காய்ச்சலோடு போய்விடும் அது, அதே வீட்டிலிருக்கும் சர்க்கரை நோயுள்ள பாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம். ஒருவருக்கு வந்ததை இன்னொருவருக்குப் போகாமல் நிறுத்துவது எப்படி என்று பார்ப்போம்.

எப்படிப் பரவுகிறது?

இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் விழுந்துவிடும். பேசும்போதும் பாடும்போதும் வெளிவரும் நுண்துளிகள் அப்படி விழுவதில்லை. ஊதுபத்திப் புகை போல அறைக்குள் மிதந்துகொண்டிருக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மவுன்ட் வெர்னன் என்ற ஊரில், 2020 மார்ச் 10 அன்று ஒரு சேர்ந்திசைக் குழுவினர் 61 பேர் கூடி இரண்டரை மணி நேரம் பாடிப் பயிற்சி செய்தார்கள். நோய் அறிகுறி இருந்தது ஒருவருக்கு மட்டும். அவரையும் சேர்த்து 53 பேர் நோயுற்றார்கள். 2 பேர் இறந்தார்கள். மூடிய அறை, நீண்ட நேரம், உரத்த குரல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஒரு மாலை போதும்.

இன்னொன்று: காய்ச்சல் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே ஒருவர் கிருமியைப் பரப்பலாம். அதனால் சந்தேகம் வந்த அன்றே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

1. காலண்டரில் தேதியை வட்டமிடுங்கள்

தொண்டை கரகரப்பு, காய்ச்சல், இருமல், உடம்புவலி என்று முதல் அறிகுறி தெரிந்த நாளை வட்டமிட்டு வையுங்கள். யாருக்கெல்லாம் தகவல் சொல்வது, மருத்துவரிடம் என்ன சொல்வது என்பதெல்லாம் அந்தத் தேதியை வைத்துத்தான். தனித்திருக்கும் நாள்கணக்குக்குத் தொற்று உறுதியான நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பரிசோதனை கிட் கிடைத்தால் செய்து பாருங்கள். முதல் நாள் ‘இல்லை’ என்று காட்டினால் நம்பிவிட வேண்டாம். 48 மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். முடிவு வரும்வரை தொற்று இருப்பதாகவே வைத்து நடந்துகொள்ளுங்கள்.

2. அறையை ஒதுக்குங்கள், காற்றைத் திருப்புங்கள்

தெருவையோ தோட்டத்தையோ பார்த்த ஜன்னல் உள்ள அறையே நோயாளிக்கு ஏற்றது. ஜன்னலைத் திறந்து, கதவைச் சாத்தி வையுங்கள். ஸ்பிளிட் ஏசி வேண்டாம். அது உள்ளே இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்றவிடுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை.

அடுத்தது முக்கியம். ஒரு டேபிள் ஃபேனை அந்த அறையின் ஜன்னலோரம், வெளியைப் பார்க்கும்படி வையுங்கள். அறைக் காற்று தெருவுக்குப் போகும். அதற்கு ஈடாகக் கூடத்துக் காற்று கதவிடுக்கு வழியே உள்ளே வரும். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, கூடத்தில் நின்றபடி கதவின் கீழ் இடுக்கருகே ஒரு ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை அறைக்குள் இழுபட்டால் சரி. கூடத்துப் பக்கம் திரும்பினால் ஃபேனை இடம் மாற்றுங்கள், அல்லது கூடத்து ஜன்னலையும் திறங்கள். ஜன்னலுக்கு நேர் எதிரே, கையெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் இருந்தால் வேறு ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரே அறை கொண்ட வீடு என்றால்? எல்லா ஜன்னலையும் திறந்து வையுங்கள். நோயாளியின் பாயை, காற்று வெளியே போகும் ஜன்னலோரம் போடுங்கள். மற்றவர்கள் எதிர்முனையில், தலைமாடு கால்மாடு மாற்றிப் படுக்கலாம். பகலில் திண்ணையோ மொட்டை மாடியோ நல்ல இடம். நடுவில் புடவையைக் கட்டித் திரை போட்டால் பார்வை மறையும், காற்று மறையாது.

3. முகக்கவசம்: முதலில் நோயாளிக்கு

கிருமி வெளியேறும் வாயை மூடுவதே முதல் வேலை. யாராவது அறைக்குள் வரும்போதும், தான் அறையைவிட்டு வெளியே வரும்போதும் நோயாளி முகக்கவசம் போட்டிருக்க வேண்டும். உள்ளே போய்வருபவர் என்95 போடுவது நல்லது. கிடைக்காவிட்டால் மூன்றடுக்கு மருத்துவ முகக்கவசம். துணிக் கவசத்தின் பாதுகாப்பு இவற்றைவிடக் குறைவு. வால்வு வைத்தது வேண்டாம். போட்டவரின் மூச்சு வடிகட்டப்படாமல் வெளியேறும்.

பொருந்தியிருக்கிறதா என்று தெரிய, மூச்சை வேகமாக விடுங்கள். கண்ணாடி போட்டவருக்கு அது பனிபடர்ந்தால் மேல்பக்கம் காற்று கசிகிறது என்று பொருள். மூக்குக் கம்பியை அழுத்திவிடுங்கள். என்95 கவசத்தைத் துவைக்கக் கூடாது. நாலைந்து வாங்கி, காகித உறையில் காயவைத்து, நாளுக்கு ஒன்றாக மாற்றிப் போடலாம்.

4. கவனிக்க ஒருவர் போதும்

எல்லோரும் மாறி மாறி எட்டிப் பார்ப்பது பாசம்தான். ஆனால் கிருமிக்கு அது நாலு வழி. 60 வயதுக்குக் கீழே, சர்க்கரை, இதய நோய், சிறுநீரகக் கோளாறு இல்லாத ஒருவர் பொறுப்பேற்கட்டும். கர்ப்பிணிகள் வேண்டாம். சாப்பாட்டைக் கதவருகே ஸ்டூலில் வைத்து, தட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். சேர்ந்து சாப்பிடும் நேரத்தில்தான் முகக்கவசம் இருக்காது, பேச்சும் இருக்கும். அதனால் நோயாளி அறையிலேயே சாப்பிடட்டும்.

ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்க வருபவர்களிடம் போனிலேயே பேசிவிடுங்கள். வந்தே தீருவேன் என்பவரோடு வாசலில் நின்று பேசுங்கள்.

5. கழிப்பறையும் கழுவும் வேலையும்

ஒரே கழிப்பறை என்றால் மற்றவர்கள் முடித்தபின் நோயாளி போகட்டும். எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஜன்னலையும் அப்படியே விட்டு, சற்று நேரம் கழித்து அடுத்தவர் போகலாம்.

இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சாதாரண சோப்பே அதைக் கரைத்துவிடும். கையை 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். தட்டு, டம்ளர் வழக்கமான சோப்பில், துணிமணி வழக்கமான துவையலில் போதும். குழாய்த் திருகு, கதவுப் பிடி, சுவிட்சு இவற்றைத் தினம் ஒருமுறை துடையுங்கள். பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டை ஒருபோதும் கலக்காதீர்கள்; கிளம்பும் குளோரின் வாயு மூச்சையே அடைத்துவிடும்.

6. ஆக்சிமீட்டரைச் சரியாகப் பாருங்கள்

ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைக் காட்டும் இந்தக் கருவியை, நகப்பூச்சோ மருதாணியோ இல்லாத, சில்லிடாத விரலில் மாட்டுங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின், எண் நிலைத்ததும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை 93 அல்லது அதற்குக் கீழே வந்தாலோ, நிமிடத்துக்கு 24 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, 100 டிகிரிக்கு மேல் காய்ச்சல் 3 நாளாகியும் இறங்காவிட்டாலோ உடனே மருத்துவ உதவி தேவை. நெஞ்சு வலி, மனக்குழப்பம், எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் என்றால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் ஆலோசனைக்கு 104.

கஷாயமும் மிளகு ரசமும் தொண்டைக்கு இதம் தரும்; குடிக்கலாம். ஆனால் பரவலை அவை தடுப்பதில்லை. ஆவி பிடிப்பதும் வைரஸைக் கொல்லாது. கொதிநீர் கொட்டிச் சுட்டுக்கொண்டவர்கள் பலர். ஸ்டீராய்டு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். 2021இல் கருப்புப் பூஞ்சை நோய் பலரைத் தாக்கியதற்கு, சர்க்கரை நோயாளிகள் அளவில்லாமல் ஸ்டீராய்டு எடுத்தது ஒரு முக்கியக் காரணம்.

7. எப்போது வெளியே வரலாம்?

2022 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் சொன்ன கணக்கு எளிது: தொற்று உறுதியாகி 7 நாள் கழிந்திருக்க வேண்டும், கடைசி 3 நாள் தொடர்ந்து காய்ச்சல் இருக்கக் கூடாது. அதன்பின்னும் பத்தாவது நாள்வரை முகக்கவசம் போடுவது வீட்டுப் பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை.

8. சொல்லிவிடுங்கள்

அறிகுறி தெரிவதற்கு முந்தைய 2 நாளில் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், யாரோடு காரில் போனீர்கள், எந்த ஆபீஸ் அறையில் இருந்தீர்கள் என்று எண்ணிப் பார்த்து, அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். 2020இல் கதவில் நோட்டீஸ் ஒட்டியதும், தெருவைத் தகரம் வைத்து அடைத்ததும் பலரைக் காய்ச்சலை மறைக்க வைத்தன. இப்போது நோட்டீஸும் இல்லை, தகரமும் இல்லை. அந்தக் கூச்சம் மட்டும் ஏன்? “எனக்குக் கொரோனா, உங்கள் அம்மாவிடமிருந்து சில நாள் தள்ளியிருங்கள்” என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. அந்தப் போனை இன்றே போட்டுவிடுங்கள்.