டயமண்ட் வாங்கிய காசைத் திரும்பக் கேட்பது எப்படி?

திருகோணமலை உப்புவெளியில் ஃபிரீ ஃபயர் கேம் விளையாடும் பிள்ளைக்கு, கேமுக்குள் செலவழிக்கும் டயமண்ட் பெரும்பாலும் இரண்டு வழியில் கிடைக்கும். ஒன்று, அம்மா அப்பாவின் வங்கி அட்டை இணைத்த கூகுள் பிளே. மற்றது, நிலாவெளி வீதிக் கடையொன்றில் காசைக் கொடுத்து, பிளேயர் ஐடியைச் சொல்லிப் போடுவது. பிரச்சினை வந்தால் யாரைப் பிடிப்பது என்பது, எந்த வழியால் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது.

கேமை முதன்முறை திறக்கையில் ‘ஏற்கிறேன்’ என்று தட்டுகிறோமே, அங்கே பேரம் பேச இடமில்லை. வாங்கியது உங்கள் சொத்தல்ல, பாவிக்க மட்டும்தான் அனுமதி. கணக்கை முடக்கினால் காசு திரும்பாது. இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமாக இருப்பது இதுதான். முழுவதையும் வாசியுங்கள் என்று உபதேசம் செய்ய மாட்டேன், யாரும் வாசிப்பதில்லை. கணக்கு முடக்கம், பணம் மீளளிப்பு, வழக்கு எந்த நாட்டில் என்ற மூன்று இடங்களை மட்டும் தேடிப் பாருங்கள்.

தட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றுமில்லை. செகண்ட் லைஃப் என்ற இணைய உலகில் காசு கொடுத்து நிலம் வாங்கியவரின் கணக்கு முடக்கப்பட்டபோது, நடுவர் மன்றத்துக்குத்தான் போகவேண்டும் என்ற நிபந்தனை அநியாயமானது என்று 2007இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தள்ளிவிட்டது. நம் இலங்கையிலும் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இருக்கிறது. ஆனால் சில ஆயிரம் ரூபாவுக்காகச் ஃபிரீ ஃபயரை நடத்தும் சிங்கப்பூரின் கரேனா நிறுவனத்தைத் திருகோணமலை நீதிமன்றத்துக்கு இழுப்பது நடக்கிற காரியமா? காசு போன வழியிலேயே தேடிப் போவதுதான் புத்தி.

கூகுள் பிளேயில் வாங்கியிருந்தால், ஜிமெயிலுக்கு வந்த பற்றுச்சீட்டைத் திறந்து, ஜிபிஏ என்று தொடங்கும் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 48 மணித்தியாலத்துக்குள் மீளளிப்புக் கேளுங்கள். பிள்ளை உங்களுக்குத் தெரியாமல் வாங்கியிருந்தால், மறைக்காமல் வயதையும் எழுதுங்கள். முன்பின் தெரியாத ஆள் உங்கள் அட்டையில் வாங்கியிருந்தால் 120 நாள் வரை முறையிடலாம். வங்கியிடம் போவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வங்கி காசைத் திருப்பி எடுத்தால் கேம்காரர் கணக்கையே முடக்கக்கூடும்.

கடையில் போட்டிருந்தால் உங்கள் கை சற்று ஓங்கியிருக்கிறது, விற்றவர் உள்ளூர்க்காரர். ஆனால் பலர் துண்டுகூட வாங்காமல் வந்துவிடுகிறார்கள். திகதி, தொகை, பிளேயர் ஐடி மூன்றும் உள்ள பில் கேளுங்கள்; தராவிட்டால் வட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். டயமண்ட் வரவில்லையென்றால் கேமில் தெரியும் மீதியை ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் கடைக்காரரிடம் முதலில் காட்டுங்கள். அவர் கைவிரித்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். கடிதம் நீளத் தேவையில்லை: ‘இன்ன திகதி, இந்தக் கடையில், இந்த ஐடிக்கு இத்தனை ரூபா கொடுத்தேன்; டயமண்ட் வரவில்லை; காசைத் திருப்பித் தரவேண்டும்.’ பில்லின் பிரதியை இணையுங்கள், மூலப்பிரதியைக் கைவிடாதீர்கள்.

பிள்ளையிடம் போனைக் கொடுக்குமுன், பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு கொள்வனவுக்கும் பாஸ்வேர்ட் கேட்கும்படி மாற்றிவிடுங்கள். அந்தப் பாஸ்வேர்ட் பிள்ளையின் பிறந்த திகதியாக இருக்கவேண்டாம்.